விழாத நாணயம்

சென்ற ஆண்டு கோடையில் நானும் என் மனைவியும் மகன் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம், மில்வாக்கி நகரத்துக்குப் பக்கம். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும், முதல் பதினைந்து நாள் ஊர் சுற்றுவதில் போய்விடும். அதன் பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. பக்கத்து வீட்டு கராஜில் ஒருவர் விமானம் கட்டிக்கொண்டிருந்தார்.

பொம்மை விமானம் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கும் நிஜ விமானம். அந்த நாட்டில் ஒருவர் தன் பொழுதுபோக்குக்காகவும் கற்றுக்கொள்வதற்காகவும் ஒரு விமானத்தின் பெரும்பகுதியைத் தானே கட்டினால், அதைச் சோதனை வகை என்று பதிவு செய்து பறக்க அனுமதிக்கிறார்கள். இப்படிக் கட்டுபவர்களுக்கு ஒரு பெரிய சங்கமே இருக்கிறது. 1953இல் பால் போபெரெஸ்னி என்பவர் அதே மில்வாக்கியில்தான் அதைத் தொடங்கினார். ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் ஆஷ்காஷ் என்ற ஊரில் அவர்கள் கூடும்போது, நம் ஊர்த் தேர்த் திருவிழா தோற்றுவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் என் வயதுக்காரர். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்கு வரவில்லை, 'சார்' என்றே கூப்பிட்டேன். அவரும் பழகிக்கொண்டார். முப்பத்தொன்பது வருடம் கோவைப் பக்கம் ஒரு பஞ்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் என்று தெரிந்ததும், ஸ்பானரைக் கையில் கொடுத்துவிட்டார். தினமும் காலை பத்து மணிக்கு எனக்கு டூட்டி.

ஒரு நாள் எஞ்சினை மட்டும் ஒரு இரும்புச் சட்டத்தில் பூட்டி, வீட்டுக்கு வெளியே வைத்து ஓட்டிக் காட்டினார். ப்ரொப்பெல்லர், அதாவது முன்னால் சுழலும் விசிறி, இன்னும் மாட்டவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையிலிருந்து ஒரு கால் டாலர் நாணயத்தை எடுத்து, எஞ்சின் மேல் விளிம்பில் நிற்கும்படி வைத்தார். நாணயம் நின்றது. விழவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த எஞ்சினைப் பற்றி.

அது வாங்கெல் வகை ரோட்டரி எஞ்சின். ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியரின் யோசனை. என்.எஸ்.யு. கம்பெனியில் 1957இல் முதல் மாதிரி ஓடியது. பிறகு அதைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டது ஜப்பானின் மஸ்டா. 1967இல் காஸ்மோ காரில் போட்டார்கள். 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ரோட்டரி எஞ்சினால் வென்றார்கள். முதல் உலகப் போர் விமானங்களிலும் ரோட்டரி என்று ஒன்று உண்டு. அதில் சிலிண்டர்களோடு சேர்ந்து எஞ்சினே சுற்றும். அது வேறு, இது வேறு.

இதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கனெக்டிங் ராடு கிடையாது. சமோசா மாதிரி ஓரம் உப்பிய ஒரு முக்கோண ரோட்டர், ஒரு கூட்டுக்குள் சுற்றி வருகிறது. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்தது 13பி என்ற எஞ்சின். பழைய காரிலிருந்து கழற்றியது. இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சி.சி. மேலும் கீழும் அடிக்கும் பாகம் எதுவும் இல்லாததால் குலுக்கல் மிகவும் குறைவு. சிறியது, பலமானது. விமானத்துக்கென்றே செய்த புது எஞ்சின் வாங்கப் போனால் பல பத்தாயிரம் டாலர் ஆகும். ஓய்வூதியக்காரர் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்?

அவர் ஆசையில் தப்பில்லை. "இதில் அதிர்வே கிடையாது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. பாதி உண்மை. மீதிப் பாதி ஆளைக் கொல்லும்.

அதிர்வில் இரண்டு வகை உண்டு. ஒன்று குலுக்கல். எஞ்சின் பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ ஆடுவது. கை வைத்தால் தெரியும், சீட்டில் உட்கார்ந்தால் தெரியும், நாணயம் விழுந்தால் தெரியும். இன்னொன்று முறுக்கல். தண்டு ஒரே சீராகச் சுற்றாமல், ஒவ்வொரு வெடிப்புக்கும் கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி, முறுக்கி முறுக்கி விடுவது. எஞ்சின் கூடு ஆடாது. நாணயம் நிற்கும். உள்ளே தண்டு மட்டும் ஈரத் துண்டைப் பிழிவது போலப் பிழியப்பட்டுக்கொண்டிருக்கும்.

ரோட்டரியில் இந்த வெடிப்பு எத்தனை? கணக்கு எளிது. ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றும். ரோட்டருக்கு முகம் மூன்று. ஆகவே தண்டின் ஒரு சுற்றுக்கு ஒரு ரோட்டர் ஒரு முறை வெடிக்கும், இரண்டு ரோட்டரும் சேர்ந்தால் இரண்டு முறை. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் வினாடிக்கு 200 தள்ளல். மெதுவாக 1500இல் ஓடினால் வினாடிக்கு 50 தள்ளல். ஒரு வெடிப்பின் தள்ளல் முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுவதால், நாலு சிலிண்டர் பிஸ்டன் எஞ்சினைவிட இது மென்மைதான். மென்மையான தள்ளலும் தள்ளல்தானே?

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை உட்காரவைத்து ஒரே ஒரு விரலால் தள்ளுங்கள். ஊஞ்சல் போய்வரும் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் பத்தாவது தள்ளலில் உத்தரத்தைத் தொடும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஆடாது. எஞ்சின் ஒரு பக்கம், கனமான ப்ரொப்பெல்லர் மறுபக்கம், நடுவில் தண்டு. இது மூன்றும் சேர்ந்து ஒரு ஊஞ்சல். அதற்கு ஒரு சொந்தத் தாளம் இருக்கிறது. எஞ்சினின் தள்ளல் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போனால், மென்மையான எஞ்சினே தண்டை ஒடித்துவிடும். ப்ரொப்பெல்லர் மாட்டாமல் நாணயத்தை நிறுத்திக் காட்டுவது, பலகை மாட்டாத ஊஞ்சல் ஆடவில்லை என்று காட்டுவது மாதிரி.

இப்போது நான் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்கிறேன்.

எண்பதுகளில் மின்வெட்டுக் காலம். மில்லில் டீசல் ஜெனரேட்டர்கள்தான் எங்களைக் காப்பாற்றின. அதில் ஒன்றில் எஞ்சினையும் ஆல்டர்னேட்டரையும் இணைக்கும் பின்-புஷ் கப்ளிங்கில் ரப்பர் புஷ் அடிக்கடி தேய்ந்துபோகும். மாற்றுவதற்கு நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உற்பத்தி போச்சு என்று மேலே இருந்து சத்தம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ரப்பருக்குப் பதிலாகக் கெட்டியான ஃபைபரில் புஷ் கடைந்து போட்டேன். ஓட்டிப் பார்த்தோம். நான் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து எஞ்சின் மேல் நிறுத்தினேன். விழவில்லை. "ஏனுங்க சார், வண்டி பூவாட்டம் ஓடுதுங்க" என்றான் உதவியாளர் பையன். அன்று எனக்கு மேலதிகாரியிடம் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

மூன்று மாதம் தேயாமல் ஓடியது. பிறகு ஒரு இரவு ஷிஃப்டில் தண்டு ஒடிந்தது. கப்ளிங்கின் ஒரு துண்டு வலைக்காப்பைக் கிழித்துக்கொண்டு வந்து அந்தப் பையனின் காலில் அடித்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் நொண்டித்தான் நடக்கிறான்.

மறுநாள் ஒடிந்த தண்டைப் பார்த்தேன். வெட்டு நேராக இல்லை. சாவிக்குழியில் தொடங்கி, சாய்வாக, திருகாணி போலச் சுற்றி ஓடியிருந்தது. வீட்டில் ஒரு சாக்பீஸ் இருந்தால் இரண்டு கையாலும் முறுக்கி ஒடித்துப் பாருங்கள். அதே சாய்வு வரும். வளைத்து ஒடித்தால் நேராக ஒடியும், முறுக்கி ஒடித்தால் சாய்வாக ஒடியும். ஒடிந்த இரும்பு பொய் சொல்லாது. ரப்பர் புஷ் தேய்ந்துகொண்டே இருந்ததற்குக் காரணம், அது அந்த முறுக்கலைத் தான் வாங்கிக்கொண்டிருந்ததுதான். நான் அதை எடுத்துவிட்டு, ஊஞ்சலின் தாளத்தைக் கொண்டுபோய் எஞ்சின் ஓடும் வேகத்திலேயே நிறுத்திவிட்டேன். விசாரணையில் 'பொருள் குறைபாடு' என்று எழுதினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏன் சொல்ல நேர்ந்தது என்றால், அவரும் அதே தப்பைச் செய்யப் போனார்.

கார் எஞ்சினை விமானத்தில் போட்டால் நடுவில் ஒரு கியர்பெட்டி வேண்டும். 6000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஆறடி ப்ரொப்பெல்லரை நேராக மாட்டினால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். இரைச்சல்தான் மிஞ்சும், இழுவை வராது. அதனால் 2.17க்கு ஒன்று, 2.85க்கு ஒன்று என்ற கணக்கில் குறைத்து, ப்ரொப்பெல்லரை 2700 சுற்றுக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழோ ஓட்டுகிறார்கள். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் ரப்பர் போன்ற மெத்தென்ற ஒரு இணைப்பு இருக்கும். அதைப் போடுவதே ஊஞ்சலின் தாளத்தைத் தாழ்த்துவதற்காகத்தான்.

உதாரணத்துக்கு, தாளம் வினாடிக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் மிக மெதுவாக ஓடும்போதே தள்ளல் 50. ஆக, ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் ஒரு கணம் கடகடத்துவிட்டு 30ஐத் தாண்டிப் போய்விடும். பறக்கும்போது தொந்தரவு இல்லை. மெத்தென்ற இணைப்பை எடுத்துவிட்டுக் கெட்டியாகப் போட்டால் தாளம் 100க்கு ஏறலாம். அது எஞ்சின் 3000 சுற்றில் ஓடும் வேகம். இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும்போது சரியாக அங்கேதான் வந்து நிற்கும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மலிவாக ஒரு பழைய உலோக ப்ரொப்பெல்லர் கிடைத்தது. கியர்பெட்டி செய்தவர்கள் சொன்ன இலேசான மர ப்ரொப்பெல்லரைவிட அது பல மடங்கு கனம். கூடவே, "இந்த ரப்பர்தான் பலவீனமான இடம். அதை எடுத்துவிட்டு ஸ்டீலில் கடைந்து போட்டுவிடலாம். நீங்கள் லேத் வேலை தெரிந்தவர்தானே?" என்று என்னிடமே கேட்டார்.

நான் மாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம். "எத்தனையோ பேர் ரோட்டரி போட்டு நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்திருக்கிறார்கள். உங்களுக்கு விமானம் தெரியாது, மில் எஞ்சின்தான் தெரியும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. எனக்கு விமானம் தெரியாது. ரோட்டரி போட்டு நன்றாகப் பறந்தவர்கள் இருப்பதும் நிஜம். ஆனால் அவர்கள் பறந்தது ஒரு குறிப்பிட்ட எஞ்சின், குறிப்பிட்ட இணைப்பு, குறிப்பிட்ட கியர்பெட்டி, குறிப்பிட்ட ப்ரொப்பெல்லர், இந்த நாலும் சேர்ந்த ஜோடிப்பில். அதில் ஒன்றை மாற்றினால் அது வேறு விமானம். அவர்கள் பறந்த மணி நேரம் இவர் கணக்கில் வராது.

பெரிய கம்பெனிகள் விற்கும் விமானங்களில், எந்த எஞ்சினோடு எந்த ப்ரொப்பெல்லர் என்று ஜோடி சேர்த்து, பட்டைகளில் அளவுக் கருவி ஒட்டி, எவ்வளவு முறுகுகிறது, எவ்வளவு வளைகிறது என்று அளந்த பிறகுதான் அனுமதி தருகிறார்கள். அப்படியும் சில ஜோடிகளுக்கு, இந்த வேகத்திலிருந்து அந்த வேகம் வரை தொடர்ந்து ஓட்டாதே என்று சுழல்வேக மானியில் சிவப்புப் பட்டை போடுகிறார்கள். அலுமினியப் பட்டை இரும்பு மாதிரி இல்லை. சின்னச் சின்ன அடியாக இருந்தாலும் கணக்கு வைத்துக்கொண்டே வந்து ஒரு நாள் விட்டுவிடும். கல் பட்டு நகக்கண் அளவு பள்ளம் விழுந்தால்கூட அங்கேதான் விரிசல் தொடங்கும். மரம் அதிர்வைத் தனக்குள் கொஞ்சம் அடக்கிக்கொள்ளும். வீட்டில் கட்டும் விமானத்துக்கு இந்தச் சோதனைக் கட்டாயம் கிடையாது. சுதந்திரம் இருக்கிறது. அளக்கும் பொறுப்பும் கட்டுபவர் தலையில்தான்.

இன்னொன்றும் சொன்னேன். இரண்டு ரோட்டரில் ஒன்று வேலை நிறுத்தம் செய்தாலும் மற்றது இழுத்துக்கொண்டுபோய் இறக்கிவிடும் என்று ரோட்டரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இறக்கட்டும். ஆனால் ஒரு ரோட்டர் நின்றால் தள்ளல் பாதியாகிவிடும். 30 தாளம் என்று சொன்னேனே, இரண்டு ரோட்டரும் ஓடும்போது எஞ்சின் 900 சுற்றில் இருந்தால்தான் அது மாட்டும். ஒரே ரோட்டர் என்றால் 1800 சுற்றிலேயே மாட்டும். 900இல் எஞ்சின் ஓடுவதே இல்லை, 1800இல் ஓடும். ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும்போது இரண்டாவது ஆபத்து அங்கே காத்திருக்கும். இதை எத்தனை பேர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள்?

இதில் எனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். என் பேரனுக்குப் பதினொரு வயது. விமானம் முடிந்ததும் உன்னைத்தான் முதலில் ஏற்றுவேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பையன் இரவு பகலாக அதே பேச்சு. மகன் ஒரு நாள் இரவு சாப்பிடும்போது கேட்டான், "அப்பா, நீங்க தினமும் அங்க இருக்கீங்க. நம்பி அனுப்பலாமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன்னால் மில்லில் நடந்ததை மகனிடம் சொன்னேன். நாற்பது வருடத்தில் முதல் தடவை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொன்னேன், ஃபைபர் புஷ் போட்டது நான்தான் என்பதையும் சேர்த்து. அவர் ஒன்றும் பேசவில்லை. நான்கு நாள் கராஜ் கதவு திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குத் திறந்தது. கியர்பெட்டி செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அந்தக் கனத்துக்கு எங்கள் பெட்டி இல்லை, மெத்தென்ற இணைப்பை எடுக்கவே கூடாது என்று பதில் வந்திருந்தது. உலோக ப்ரொப்பெல்லரைச் சுவரில் மாட்டிவைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் விமானம் கட்டுவதை நான் எதிர்க்கவில்லை. ரோட்டரியையும் எதிர்க்கவில்லை. கட்டுபவர்கள் எஞ்சினுக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியை எஞ்சினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவில் இருக்கும் இரண்டடி தூரத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறேன். இப்போதெல்லாம் ப்ரொப்பெல்லரைக் கருவி வைத்து பேலன்ஸ் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அது குலுக்கலைத்தான் காட்டும், முறுக்கலைக் காட்டாது. முறுக்கலை அளக்க, தண்டின் இரண்டு முனையிலும் பல்சக்கரமும் காந்த உணரியும் வைத்து, ஒன்று மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று பார்க்கலாம். கருவி இல்லாவிட்டால் கண் இருக்கிறது. இணைப்புக்குக் கீழே கறுப்பு ரப்பர்த் தூள், தண்டின் பற்களில் துருப்போலச் செம்பொடி, கியர் எண்ணெயில் மினுமினுப்பு, மெதுவாக ஓடும்போது கடகட சத்தம். இதில் எது தெரிந்தாலும் பறப்பதை நிறுத்த வேண்டும். தேயும் பாகத்தைத் திட்டுவதற்கு முன் அது ஏன் தேய்கிறது என்று கேட்க வேண்டும். இது விமானத்துக்கு மட்டுமில்லை, நம் வீட்டு மோட்டாருக்கும் பொருந்தும்.

சான்று பெற்ற எஞ்சின்-ப்ரொப்பெல்லர் ஜோடி என்றால் முதல் 25 மணி நேரமும், மற்றவற்றுக்கு 40 மணி நேரமும் பயணி ஏற்றாமல் சோதித்துப் பறக்க வேண்டும் என்பது அங்கே பல காலமாக இருக்கும் வழக்கம். அந்த 40 மணி நேரத்தைச் சிலர் தண்டனை போல ஓட்டித் தீர்க்கிறார்களாம். அதை அளப்பதற்குக் கிடைத்த நேரம் என்று நினைக்க வேண்டும். பேரனிடமும் அதைத்தான் சொன்னேன். 40 மணி முடியட்டும், பெட்டியைத் திறந்து பற்களைப் பார்க்கட்டும், பிறகு போ. "அது வரைக்கும் நான் பெரியவனாயிடுவேன் தாத்தா" என்று அழுதான். ஆகட்டுமே, பெரியவனாவதுதானே வேண்டும்.

நாங்கள் திரும்பும் வரை விமானம் பறக்கவில்லை. இன்னும் மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று மகன் போனில் சொல்கிறான்.

இதை எழுதுவதற்கு முன் மில்லில் அடிபட்ட அந்தப் பையனுக்கு, இப்போது அவனுக்கே பேரன் இருக்கிறான், போன் செய்து உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இப்ப எதுக்குங்க சார் அது" என்றான். அவ்வளவுதான். மன்னித்தானா இல்லையா என்று நான் கேட்கவில்லை, கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

இனி யாராவது ஓடும் எஞ்சின் மேல் நாணயத்தை நிறுத்திக் காட்டினால், "ரொம்ப நல்லது, கப்ளிங்கைக் கொஞ்சம் கழற்றிக் காட்டுங்கள்" என்றுதான் கேட்பேன்.